தகரமும் பாறையும்: பாம் ஸ்பிரிங்ஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, சான் கோர்கோனியோ கணவாயின் காற்றாலைக் கூட்டத்தைத் தாண்டியதும் சாலை வலப்பக்கம் பிரிந்து பாலைநிலத்துக்குள் இறங்குகிறது. இடப்பக்கம் மணலும் புதரும். வலப்பக்கம் 3,300 மீட்டர் உயரமுள்ள சான் ஹசின்டோ மலை, அடிவாரக் குன்றுகள் அதிகமின்றி, தரையிலிருந்து நேரே கிளம்பி நிற்கிறது. பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் அந்த மலையின் கிழக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்நகரத்தின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இதுதான்: இங்கே சூரியன் அடிவானத்தில் மறைவதில்லை, பிற்பகலிலேயே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி நான்குகூட ஆகவில்லை. மலையடித் தெருக்களில் நிழல் விழுந்துவிட்டது, தூரத்துக் கிழக்குக் குன்றுகளில் மட்டும் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது.

நான் இங்கு வந்தது ஆல்பர்ட் ஃப்ரே என்ற கட்டடக் கலைஞருக்காக. 1903இல் ஜூரிச் நகரில் பிறந்து, 1998 நவம்பரில் தமது 95ஆம் வயதில் இந்தப் பாலைவன நகரில் இறந்தவர். நவீனக் கட்டடக் கலையின் பெரிய பெயர்களோடு வேலை செய்தவராயினும், அவருடைய புகழ் நெடுங்காலம் இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே ஊரில், அந்த ஊரின் பள்ளி, தீயணைப்பு நிலையம், நகராட்சி, வீடு ஆகியவற்றைக் கட்டுவதில் செலவிட்டவர் அவர். அப்படி ஒரே ஊரோடு தம்மைக் கட்டிக்கொண்ட கலைஞர்கள்மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

நகரின் வடக்கு நுழைவாயிலில் முதலில் கண்ணில் படுவதே அவருடைய கட்டடம்தான். 1965இல் பெட்ரோல் நிலையமாகக் கட்டப்பட்ட அது, இப்போது நகரின் பயணியர் தகவல் மையம். நெளித்தகடு வேய்ந்த அதன் கூரை குதிரைச் சேணம்போல் முறுக்கி வளைந்து, ஒரு முனை வானத்தை நோக்கிக் கூராக நீண்டிருக்கிறது. அகலம் 29 மீட்டர். ஃப்ரேயும் அவருடைய கூட்டாளி ராப்சன் சேம்பர்ஸும் வடிவமைத்தது. பெட்ரோல் நிரப்ப வரும் வண்டிகளுக்கு நிழல் தருவதுதான் அதன் வேலை. ஆனால் பின்னணியில் இருக்கும் மலைச்சரிவைப் பார்த்த பிறகு அந்தக் கூரையின் கோணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1990களில் இது இடிபடும் நிலைக்கு வந்து, ஓவியக் கூடமாகிப் பிழைத்து, 2003இல் தகவல் மையமானது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் கணவாய்க் காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. “தகரக் கொட்டகையைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்றார் என் மனைவி. தகரக் கூரை என்றதும் உச்சிவெயிலில் வேகும் கொட்டகைதான் நம் நினைவுக்கு வருகிறது. பாலைவனத்தில் ஒருவர் ஏன் தகரத்தையும் அலுமினியத்தையும் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியோடுதான் இந்தப் பயணத்தைத் தொடங்குகிறேன்.

இரண்டாம் நாள்

ஃப்ரே இந்த ஊருக்கு வந்த கதை ஒரு சிறு கட்டடத்திலிருந்து தொடங்குகிறது. நார்த் பாம் கேன்யன் சாலையில் இன்றும் நிற்கும் கோச்சர்–சாம்சன் கட்டடத்தின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்வதற்காக, நியூயார்க்கிலிருந்து 1934இல் அவர் அனுப்பப்பட்டார். அதற்கு முன்பு அவருடைய வாழ்க்கை நேர்கோட்டில் சென்றது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1924இல் பட்டயம் பெற்றார். 1928–29இல் பாரிஸில் நவீனக் கட்டடக் கலையின் முன்னோடியான லெ கொர்பூசியேயின் பணிக்கூடத்தில், வில்லா சவோய் என்ற அவருடைய புகழ்பெற்ற வீடு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அதன் வரைபடங்களில் வேலை செய்தார். 1930இல் அமெரிக்கா வந்து லாரன்ஸ் கோச்சர் என்ற கட்டடக் கலைஞரோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கோச்சரின் சகோதரர் பாம் ஸ்பிரிங்ஸில் மருத்துவர். மருத்துவருக்கு அலுவலகமும் மேல்மாடியில் குடியிருப்பும் வேண்டியிருந்தது. தம்பதியரும் ஓய்வு நாடுவோரும் ஸ்பானியப் பாணி ஓட்டுக்கூரை வீடுகளில் தங்கிக்கொண்டிருந்த ஓர் ஊரில் தட்டையான கூரையும் வெள்ளைச் சுவரும் கொண்ட அந்தப் பெட்டி எழுந்தது. கடைத்தெருவில் கவனிக்காமல் கடந்துபோய்விடக்கூடிய அளவுக்கே அது இருக்கிறது. நாங்களும் ஒருமுறை கடந்துபோய்த்தான் திரும்பி வந்தோம்.

பிற்பகலில் கலை அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அலுமினேர் வீட்டைப் பார்த்தோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1931இல் நியூயார்க்கில் நடந்த கட்டுமானப் பொருட்காட்சிக்காகக் கோச்சரும் ஃப்ரேயும் சேர்ந்து, அலுமினியமும் எஃகும் கண்ணாடியும் கொண்டு, கண்காட்சி அரங்குக்குள்ளேயே எழுப்பிய மூன்றடுக்கு வீடு இது. பத்து நாட்களில் நின்றது. ஐந்தங்குலம் விட்டமுள்ள ஆறு அலுமினியக் குழாய்த் தூண்கள் மொத்தச் சுமையையும் தாங்குவதால் வெளிச்சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. அதன் கனம் மூன்றங்குலம்தான். தொழிற்சாலையில் அச்சடித்ததுபோல் ஆயிரக்கணக்கில் செய்து எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், சாதாரண வருமானக்காரரும் வாங்கலாம் என்பது அவர்கள் கனவு. ஒரு வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். ஆனால் செய்யப்பட்டது அந்த ஒன்று மட்டுமே. வாலஸ் ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞர் ஆயிரம் டாலருக்கு வாங்கி லாங் ஐலண்டில் தமது நிலத்தில் நிறுத்திக்கொண்டார். பின்னர் இடிக்கப்படும் ஆபத்திலிருந்து மீட்கப்பட்டு, ஒரு கல்லூரி வளாகத்துக்குப் போய், 2012இல் மீண்டும் கழற்றப்பட்டு, 2017இல் பாகம் பாகமாக லாரியில் கண்டத்தைக் கடந்து, 2024 மார்ச்சில் இங்கே நிலைபெற்றது.

உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து சுற்றிப் பார்க்கலாம். சுற்றி வந்தபோது எனக்கு வியப்பும் சங்கடமும் ஒருங்கே தோன்றின. 1931இன் பொருளாதார மந்தத்துக்கு நடுவே இவ்வளவு மெல்லிய, இவ்வளவு நம்பிக்கை நிறைந்த பொருளை இருவர் செய்தார்கள் என்பது வியப்பு. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லும் வீட்டைப் பாலை வெயிலில் வைத்துப் பார்ப்பது சங்கடம். அதன் பளபளக்கும் சுவரில் பின்னாலிருந்த மலை மங்கலாக நெளிந்து தெரிந்தது. ஆனால் அந்தச் சுவருக்கு மலையைப் பற்றித் தெரியாது. இருபத்தேழு வயதில் ஃப்ரே நம்பியதும் அதைத்தான். இந்த ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதற்கு எதிரான பாடம் என்பது என் எண்ணம்.

நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான பிலிப் குட்வினிடம் பணியாற்ற ஃப்ரே கிழக்குக்குத் திரும்பினார். பெருநகரத்தில் அவருக்கு எதிர்காலம் தெளிவாகவே இருந்தது. 1939இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கே வந்து, ஜான் போர்ட்டர் கிளார்க்கோடு சேர்ந்து தொழில் தொடங்கினார். அடுத்த ஆண்டு தமக்கென்று கட்டிக்கொண்ட முதல் வீடு பதினாறு அடிக்கு இருபது அடி. ஒரு பெரிய அறையின் அளவு. உள்ளிருந்து சுவர்கள் நீண்டு வெளியே தோட்டத்துக்குள் போயின. அது இன்று பழைய உருவில் இல்லை.

மூன்றாம் நாள்

இன்று பார்த்தது ஒரே வீடு. மற்ற எதையும் பார்க்கும் மனநிலை பிறகு வரவில்லை.

பிப்ரவரி மாதத்தில் இங்கே 2006 முதல் நடந்துவரும் ‘மாடர்னிசம் வீக்’ என்ற நவீனக் கட்டடக் கலை விழாவையொட்டி, சிறு சிறு குழுக்களாக அழைத்துப் போகிறார்கள். ஃப்ரேயின் இரண்டாம் வீடு நகரத் தளத்திலிருந்து ஏறத்தாழ 67 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் இருக்கிறது. 1964இல் கட்டி முடித்தபோது ஊரில் அவ்வளவு உயரத்தில் வேறு வீடு இல்லை. இடத்தைத் தேடுவதற்கே ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டாராம். தேடிக் கண்ட பிறகும் உடனே கட்டவில்லை. பத்தடிக் கோல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் அந்தச் சரிவில் சூரியன் எப்படி நகர்கிறது என்று அளந்திருக்கிறார். கூரையின் இறவாரம் எவ்வளவு நீள வேண்டும் என்பதை அந்த அளவுகளே தீர்மானித்தன. கோடையில் உயரத்தில் போகும் சூரியன் கண்ணாடியைத் தொடாது. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் வீட்டுக்குள் நெடுந்தூரம் படிந்திருக்கும். நாங்கள் நின்ற காலை வேளையில் அந்தக் குளிர்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கோல் பிடித்து அளந்த கணக்கு இன்றும் தவறவில்லை.

கீழே வண்டி நிறுத்துமிடம். அதன்மேல் நீச்சல் குளத்துடன் கூடிய தளம். அதற்கும் மேலே வீடு. பரப்பளவு எண்ணூறு சதுர அடியளவுதான். கான்கிரீட் கட்டைகளின் நிறம் சுற்றியுள்ள பாறைகளின் நிறத்தோடு ஒத்துப்போவதால் சாலையிலிருந்து பார்த்தால் வீடு தனித்துத் தெரிவதில்லை. கூரை நெளித்தகடு; மலை எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் அதுவும் இறங்குகிறது. முன்பக்கத் திரைச்சீலைகள் மஞ்சள். வசந்தத்தில் இந்தச் சரிவெங்கும் பூக்கும் என்சீலியா என்ற புதர்ச்செடியின் நிறம் அது. எங்களுக்கு அதிர்ஷ்டம், ஓரிரு செடிகள் பூத்திருந்தன. திரைச்சீலையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிட முடிந்தது.

வீட்டின் நடுவே பாறை இருக்கிறது. இதைப் படங்களில் பலமுறை பார்த்திருந்தும் நேரில் கண்டபோது வாயடைத்துத்தான் போனேன். சரிவில் கிடந்த பெரும் பாறையொன்றை உடைக்காமல், நகர்த்தாமல், வீட்டை அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். பாதி வெளியே இருக்கும் பாறை கண்ணாடிச் சுவரைக் கடந்து உள்ளே வந்து, படுக்கைப் பகுதிக்கும் கூடத்துக்கும் இடையில் தடுப்புச் சுவராக நிற்கிறது. தகடுகளைப் போலக் கல்லை அளவுக்கு வெட்டிக்கொள்ள முடியாது என்பதால், பாறையின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்பக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். பாறையின் மேலேயே மின்விளக்கின் சுவிட்ச் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. குழுவில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்தப் பாறை வீட்டின் உறுப்பினராகிவிட்டது, சுவர் செய்யும் வேலையையெல்லாம் அதுவும் செய்ய வேண்டும் என்ற நடைமுறைப் புத்திதான் அதில் தெரிந்தது.

தகரம் ஏன் என்ற முதல் நாள் கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. ஃப்ரேயின் கணக்கு எளிமையானது. இந்த வறட்சியில் மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். ஆண்டுதோறும் வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். உலோகத் தகடு அப்படி ஆவதில்லை. உள்பக்கம் வெப்பத்தடுப்புப் பொருளை வைத்துவிட்டால், வெளித்தகடு பகலில் ஏற்ற வெப்பத்தை மலைநிழல் விழுந்தவுடன் விரைந்து இழந்துவிடும். கனத்த சுவரைப்போல் இரவெல்லாம் அதைத் தேக்கி வைத்திருக்காது. பண்டைய பாலைவனக் கட்டடக் கலையோ கனத்த மண்சுவரை நம்பியது. இரண்டில் எது மேல் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், பிப்ரவரியில் இந்த வீட்டைப் பார்ப்பது பார்வையாளரைச் சற்றே ஏமாற்றும். 2024 ஜூலை 5ஆம் தேதி இந்நகரில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அது இந்நகரின் வரலாற்றில் பதிவான உச்சம். அந்த நாளில் இவ்வளவு கண்ணாடியுள்ள எந்த வீடும் குளிர்சாதனத்தைத்தான் நம்பியிருக்கும். ஃப்ரேயின் நுட்பம் இயந்திரத்தின் சுமையைக் குறைக்கிறது, அதை வேண்டாததாக்கவில்லை.

ஆயினும் அலுமினேர் வீட்டை வடிவமைத்த அதே மனிதர்தான் இதையும் கட்டினார் என்பதை நினைத்துக்கொண்டே நின்றேன். பொருட்கள் அதேதான்: மெல்லிய உலோகம், கண்ணாடி, மெல்லிய தூண். முப்பத்து மூன்று ஆண்டுகள் இடைவெளியில் மாறியது ஒன்றுதான். முந்தையதைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கண்டம் தாண்டிக் கொண்டுபோகலாம். இதை அப்படி ஏற்ற முடியாது, ஏனென்றால் பாறை வராது. வட்டார மரபு என்றாலே ஓட்டுக்கூரையும் வளைவு வாசலும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வீட்டில் பழைய பாணியின் அடையாளம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நான் பார்த்த வீடுகளில் தன் நிலத்தைவிட்டு நகர்த்த முடியாத வீடு இதுதான். இறக்கும்வரை ஃப்ரே இங்கேயே வாழ்ந்தார். உயில் வழியாக வீட்டை பாம் ஸ்பிரிங்ஸ் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துச் சென்றார்.

நான்காம் நாள்

தாக்விட்ஸ் கேன்யன் சாலை நகர மையத்திலிருந்து விமான நிலையத்தை நோக்கி நேராகக் கிழக்கே ஓடுகிறது. அதன் கோடியில், விமான நிலையத்துக்கு எதிரில், நகராட்சிக் கட்டடம். கிளார்க், ஃப்ரே, சேம்பர்ஸ் ஆகியோர் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து 1952இல் திட்டமிட்டு, 1957இல் முடித்தது. வெயில்படும் சன்னல்களுக்கு முன்னால் அவர்கள் வைத்திருக்கும் மறைப்பு நான் இந்தப் பயணத்தில் கண்ட மிகச் சிக்கனமான யோசனை. உலோகக் குழாய்களைச் சிறு துண்டுகளாகச் சாய்வாக அறுத்து, தேன்கூடுபோல் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நேர்வெயில் உள்ளே நுழையாது. காற்றும் வெளிச்சமும் நுழையும். கடையில் கிடைக்கும் குழாயை அறுத்தால் வரும் பொருள்தான், ஆனால் நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் சுவரின்மேல் அதன் நிழற்கோலம் மாறுகிறது.

நுழைவாயிலின் கூரைத்தளத்தில் பெரிய வட்டம் ஒன்றை வெட்டித் துளையாக விட்டிருக்கிறார்கள்; பனைகள் அதன் வழியே வானத்துக்கு வளர்ந்திருக்கின்றன. மன்றக் கூடத்தின் வாசலில் அதே வட்டம் ஒரு தட்டாக விதானமாகியிருக்கிறது. அங்கிருந்து வெட்டி எடுத்து இங்கே வைத்ததுபோல ஒரு விளையாட்டு. அந்த வட்டத்தின் விளிம்பில் ‘மக்களே நகரம்’ என்ற பொருள்படும் ஆங்கில வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வருவது.

அந்த வரியை வாசித்துவிட்டு வந்த வழியே திரும்பும்போது, வந்தபோது கவனிக்காத ஒன்றை எண்ணிப் பார்த்தேன். இந்த நகரத்தின் நிலம் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறிப் பங்கிடப்பட்டது. ஒரு கட்டம் அகுவா காலியெந்தே கஹுயில்லா பழங்குடியினருக்கு, அடுத்த கட்டம் மற்றவர்களுக்கு. நகர மையத்தை ஒட்டி, வெந்நீர் ஊற்றைக் கொண்ட ஒரு சதுர மைல் நிலம் ‘செக்‌ஷன் 14’ எனப்படும் பழங்குடிக் கட்டம். நகரத்தின் விடுதிகளிலும் வீடுகளிலும் வேலை செய்த கறுப்பினத்தாரும் மெக்சிகோ வம்சாவளியினரும் வேறெங்கும் இடம் கிடைக்காமல் அங்கேதான் குடியிருந்தார்கள். பழங்குடி நிலத்தை 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று 1959இல் சட்டம் மாறியதும் அந்த நிலத்தின் மதிப்பு ஏறியது. அக்குடியிருப்புகள் காலி செய்யப்பட்டு, இடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டன. நகராட்சியே திட்டமிட்டு நடத்திய பேரழிவு என்று 1968இல் கலிபோர்னியா அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் அறிக்கை குறிப்பிட்டது. நகரம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் வெளியேற்றப்பட்டோருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அந்த நாட்களில் மேயராக இருந்தவரின் சிலை நகராட்சி வாசலில் குதிரைமேல் நின்றது. 2022இல் அதை அகற்றிவிட்டார்கள்.

ஃப்ரேயை இதில் குற்றம் சாட்ட எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, அந்த நோக்கமும் இல்லை. ஆனால் தாக்விட்ஸ் சாலை அந்த ஒரு சதுர மைலின் நடுவே செல்கிறது. இன்று அங்கே விடுதிகளும் மாநாட்டு மையமும் இருக்கின்றன. விழாச் சுற்றுலா வண்டிகள் அதைக் கடந்துதான் ‘மக்களே நகரம்’ என்ற வரியைப் படமெடுக்கப் போகின்றன. இந்த ஊரின் நவீனக் கட்டடங்களைப் போற்றும் எந்த எழுத்தும் அந்தச் சாலையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

மாலையில் ரோப் கார் நிலையத்துக்குப் போனோம். 1963இல் திறந்த அதன் அடிவார நிலையம் ஃப்ரேயும் சேம்பர்ஸும் செய்தது. சீனோ பள்ளத்தாக்கின் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலச் சட்டகத்தையே கட்டடமாக்கி, வெள்ளம் அடியில் ஓடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் 806 மீட்டரிலிருந்து 2,596 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. மேலே பனி. செருப்போடு போனது என் தவறு.

ஐந்தாம் நாள்

ஊர் திரும்பும் முன் தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டி சால்டன் கடலுக்குப் போனோம். கடல் என்பது பெயரில்தான். 1905இல் கொலராடோ ஆற்றின் கால்வாய் உடைந்து, 1907இல் அடைக்கப்படும்வரை ஆறு முழுவதும் இந்தப் பள்ளத்தில் வந்து கொட்டியதால் உண்டான ஏரி அது. கடல்மட்டத்துக்குக் கீழே எழுபது மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. 1950களில் இதை உல்லாசக் கடற்கரையாக்க முதலாளிகள் முனைந்தபோது, வடகரையில் படகுக் கழகம் ஒன்றை ஃப்ரேயும் சேம்பர்ஸும் 1959இல் கட்டினார்கள். கப்பலின் வட்டச் சன்னல்கள், கொடிமரம், கடலை நோக்கி நீளும் மேல்தளம். தரையில் நின்றுகொண்டே புறப்படத் தயாராக இருக்கும் கப்பல்போல் அது தோன்றுகிறது.

1970களில் புயல்மழை ஏரியை உயர்த்திக் கரையை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு ஏரி சுருங்கத் தொடங்கியது. உப்பு கடல்நீரையும் மிஞ்சியது, மீன்கள் செத்து ஒதுங்கின, வந்தவர்கள் போய்விட்டார்கள். 1980களில் கழகம் மூடப்பட்டுக் கட்டடம் பாழடைந்தது. 2010இல் அதைப் புதுப்பித்து, சுற்றியுள்ள பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களுக்கான சமூகக் கூடமாக்கினார்கள். ஐந்து நாட்களில் நான் பார்த்த ஃப்ரேயின் கட்டடங்களில், நுழைவுச்சீட்டோ முன்பதிவோ வழிகாட்டியோ இல்லாமல் ஊர்மக்கள் புழங்கிக்கொண்டிருந்தது இது ஒன்றில்தான்.

உள்ளே யாருடைய பிறந்தநாளுக்கோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நடந்தேன். படகுத்துறையின் தூண்கள் காய்ந்த மண்ணில் நின்றன. மீன்முள்ளும் சிப்பியும் கலந்த வெள்ளை மணல் காலடியில் நொறுங்கியது. வெகுதூரம் நடந்தும் தண்ணீர் கிட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் வட்டச் சன்னல்களில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. மனைவி மேல்தளத்திலிருந்து, போதும் வாருங்கள் என்று கையசைத்துக்கொண்டிருந்தார்.